புது டிராவல் டிரெய்லரில் குறை: டீலர் பார்க்க வேண்டியது எது, நாம் பார்க்க வேண்டியது எது?

அமெரிக்காவில் புது டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வாங்கிய வாசகர்களும் வாங்கவிருக்கும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் அடியில் இருக்கும் குழப்பம் ஒன்றுதான். வாங்கிய இடத்தில் கை விரிக்கிறார்கள், தயாரித்தவர் டீலரிடம் போ என்கிறார், அப்படியானால் யார் பொறுப்பு?

கேள்வி: டிரெய்லரை எடுத்து வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் பெருமழையிலேயே படுக்கைக்கு மேலே முன்பக்க மூலை நனைந்துவிட்டது. டீலரோ, "கூரையில் கசிவை அடைக்கும் சீலன்ட்டைப் பராமரிப்பது உரிமையாளர் வேலை, கையேட்டிலேயே போட்டிருக்கிறது" என்கிறார். இது சரியா?

பதில்: கையேட்டில் அப்படி இருப்பது உண்மைதான். அதை மூன்று வாரம் ஆன வண்டிக்குச் சொல்வது சரியில்லை.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். உங்களுக்கு எழுத்தில் உத்தரவாதம் கொடுத்திருப்பவர் தயாரிப்பாளர். அமெரிக்காவில் பெரும்பாலான டிரெய்லர்கள் இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. டீலர், அந்த உத்தரவாதத்தின் கீழ் வேலை செய்ய அங்கீகாரம் பெற்ற பட்டறை மட்டுமே. ஆனால் டீலர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஒப்படைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை, அவர்கள் கையால் மாட்டிய பொருள்கள் (இழுப்பதற்கான ஹிட்ச் இணைப்பு, பேட்டரி, சோலார் பலகை போன்றவை), எழுதிக் கொடுத்த வாக்குறுதிகள் ஆகிய மூன்றும் அவர்கள் தலையில்தான். உரிமையாளர் பங்கு என்பது பராமரிப்பும் முறையான பயன்பாடும்.

இப்போது கூரை. ரப்பர் கூரையில் வென்ட், ஆன்டெனா, ஓரப் பட்டை என்று எங்கெல்லாம் திருகு இறங்குகிறதோ அங்கெல்லாம் தானே பரவிப் படியும் சீலன்ட்டை ஊற்றியிருப்பார்கள். வெயிலிலும் குளிரிலும் அது மெல்ல இறுகி, சுருங்கி, ஓரத்தில் பிரியும். இதற்காகத்தான் சில மாதங்களுக்கு ஒரு முறை கூரையைப் பாருங்கள் என்று கையேடு சொல்கிறது. மூன்று வாரத்தில் சீலன்ட் மூப்படையாது. அங்கே இடைவெளி இருந்தால் அது தொழிற்சாலையில் விட்டுப்போன இடம். உத்தரவாத மொழியில் சொன்னால் வேலைப்பாட்டுக் குறை. இதே கசிவு பதினான்காவது மாதம் வந்து, நீங்கள் ஒரு தடவைகூட ஏணி வைத்து மேலே பார்க்காமல் இருந்திருந்தால், டீலர் சொல்வதுதான் நிற்கும்.

ஏணி வைத்து ஏறி, நனைந்த மூலைக்கு நேர் மேலே பாருங்கள். சீலன்ட் கோடு திருகுத் தலைகளை முழுக்க மூடியிருக்கிறதா? பட்டையின் முனையில் விரல் நகம் நுழையும் அளவு பிளவு தெரிகிறதா? முன்புறம் உயரத்தில் இருக்கும் சிறு ஆரஞ்சு விளக்குகளையும் விட்டுவிடாதீர்கள். அவற்றின் பின்னால் கம்பிக்காகப் போட்ட துளை வழியாக இறங்கும் தண்ணீர், பலர் கூரைக் கசிவு என்று நினைக்கும் ஒன்று. பிளவின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து நெருக்கத்தில் ஒரு படம் எடுங்கள், எந்த இடம் என்று தெரியத் தள்ளி நின்று ஒரு படம். உள்ளே ஊசி முனை ஈரமானியால் நனைந்த இடத்திலும் ஆறடி தள்ளிக் காய்ந்த இடத்திலும் அளந்து, இரண்டு எண்ணையும் படம் எடுங்கள். காய்ந்த சுவரில் 10 சதவீதமும் மூலையில் 25 சதவீதத்துக்கு மேலும் காட்டினால் பேச்சுக்கே இடமில்லை.

அன்றே டீலருக்கும் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணான வின் எண், எடுத்த தேதி, கசிவைக் கண்ட தேதி, படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். போனில் சொன்னது போதாது. குறையைத் தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றிருக்கும் வணிகச் சட்ட விதி.

அதுவரை சேதம் பரவாமல் தடுப்பது உங்கள் கடமை. மேலே தார்ப்பாய் போடுங்கள், அல்லது அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, கூரைக்கென்று விற்கும் ஒட்டு நாடாவை ஒட்டுங்கள். சாதாரண சிலிக்கானை மட்டும் தொடாதீர்கள். பிறகு எந்த சீலன்ட்டும் அதன்மேல் ஒட்டாது. "உரிமையாளரே கெடுத்துவிட்டார்" என்று எழுதவும் அதுவே காரணமாகிவிடும்.

பட்டறையில் விடும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். மேலே புது சீலன்ட் பூசித் திருப்பித் தந்தால் வேலை முடியவில்லை. கண்ணாடியிழைப் பலகைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பிளைவுட் நனைந்திருந்தால், அது ஆறு மாதம் கழித்து உப்பிக்கொண்டு வெளிச் சுவரில் குமிழாகத் தெரியும். உள்ளே காற்றழுத்தம் ஏற்றி வெளியே சோப்பு நீர் தெளித்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். கசிவின் மூலம் எது, நனைந்த பகுதி கழற்றப்பட்டதா, முடிவில் ஈரம் எத்தனை சதவீதம் என்ற மூன்றும் பட்டறை தரும் வேலைத் தாளான ரிப்பேர் ஆர்டரில் எழுத்தாக வரவேண்டும்.

கேள்வி: அடுத்த வாரம் வண்டியை எடுக்கப் போகிறோம். டீலர் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுவாராம். அங்கேயே என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: ஒரு மணி நேரம் போதாது. நான்கு மணி நேரம் வேண்டும், பகல் வெளிச்சத்தில் வேண்டும், மீதிப் பணம் கட்டுவதற்கு முன் வேண்டும் என்று இன்றே எழுதிக் கேளுங்கள். வெளி மின்சாரம், குழாய்த் தண்ணீர், நிரம்பிய நன்னீர்த் தொட்டி, நிரம்பிய கேஸ் சிலிண்டர் எல்லாம் இணைப்பில் இருக்கட்டும். கேஸிலும் கரண்டிலும் ஓடும் வகை ஃப்ரிட்ஜ் என்றால் முந்தின நாளே போடச் சொல்லுங்கள். அது குளிர எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். நீங்கள் போகும்போதுதான் போட்டார்கள் என்றால் அது வேலை செய்கிறதா என்று அன்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரில் தொடங்குங்கள். பம்ப்பைப் போட்டு எல்லாக் குழாய்களையும் காற்று போகும் வரை திறந்து, பிறகு எல்லாவற்றையும் மூடுங்கள். பம்ப் நின்றுவிட வேண்டும். பதினைந்து நிமிடம் அமைதியாக இருந்தால் நல்லது. யாரும் குழாயைத் தொடாமலே நடுவில் ஒரு நொடி உறுமி நின்றால் எங்கோ கசிகிறது. அப்போது சிங்க்குக்கு அடியில், கழிப்பறைக் கோப்பையின் பின்னால், ஷவருக்குப் பின்னால் இருக்கும் சிறு கதவுக்குள், வெளிப்புற ஷவர் பெட்டிக்குள், வாட்டர் ஹீட்டர் அறைக்குள் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை டிஷ்யூ பேப்பர் காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூவால் ஒரு சுற்று துடையுங்கள், புள்ளி போட்டால் அங்கே கசிவு. அடுத்து சிங்க்கை முக்கால் அளவு நிரப்பிச் சட்டென்று அடைப்பை எடுத்து, அடியில் வளைகுழாயை இதே மாதிரி துடைத்துப் பாருங்கள். சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் தெரியாத கசிவு, முழு நீரும் ஒரே வேகத்தில் இறங்கும்போதுதான் வெளிவரும்.

கேஸில் சிலிண்டர் இணைப்பு, ரெகுலேட்டர், அடுப்பு இணைப்பு என்று எல்லா இடத்திலும் சோப்பு நீர் தடவச் சொல்லுங்கள். குமிழ் வந்தால் அங்கேயே சரிசெய்ய வேண்டும். கேஸ் அழுத்தமானியில் 11 அங்குல நீர் (இது அழுத்தத்தின் அலகு) என்று காட்ட வேண்டும். அடுப்பு, உள்ளே சூடேற்றும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் மூன்றும் கேஸில் எரிந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கேஸ் கசிவு அலாரத்தையும் கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தையும் அழுத்திப் பார்த்து, பின்புறத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில், ஒவ்வொரு பிளக் பாயின்டிலும் மூன்று விளக்குச் சோதனைக் கருவியைச் செருகுங்கள். பிறகு வெளி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் விளக்கும் பம்ப்பும் ஸ்லைடும் (இடத்தைக் கூட்ட வெளியே நகரும் அறைப் பகுதி) ஓடுகின்றனவா என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஸ்லைடை இரண்டு முறை வெளியே விட்டு உள்ளே இழுங்கள். ரப்பர் உதடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மடங்கித் திரும்ப வேண்டும், தரையில் கீறல் விழக்கூடாது.

கூரைக்கு ஏறுங்கள். அடியிலும் படுத்துப் பாருங்கள். தொங்கும் கம்பி, கிழிந்த அடித் தாள், வளைந்த அச்சு எதுவும் இருக்கக்கூடாது. டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கம், தயாரான வாரமும் ஆண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்பேர் டயரையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் ஸ்டிக்கரில் எத்தனை பவுண்டு சாமான் ஏற்றலாம் என்று இருக்கும், அதையும் படம் எடுங்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு என்பதால், 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு போய்விடும். அளவுக்கு மேல் ஏற்றி அச்சு வளைந்தால் அது நம் தலையில்தான் விழும்.

இனி முக்கியமான காகிதம். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். குறை ஏதும் கண்டிருந்தால் அந்த வரிக்குக் கீழேயே ஒவ்வொன்றையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "அப்புறம் பார்த்துத் தருகிறோம்" என்று வாயால் சொல்வதை, டீலர் செய்து தர வேண்டியவை என்ற தாளில், முடிக்கும் தேதியோடும் மேலாளர் கையெழுத்தோடும் வாங்குங்கள். தண்ணீர்க் கசிவு, கேஸ் கசிவு, பிரேக், ஸ்லைடு இந்த நான்கில் எதில் குறை இருந்தாலும் வண்டியை அன்று எடுக்காமல் வருவதுதான் நல்லது. பணம் உங்கள் கையில் இருக்கும் வரை பட்டறையில் உங்களுக்குத்தான் முதல் இடம். கட்டிய மறுநாள் நீங்கள் வரிசையில் ஒருவர்.

கேள்வி: வாங்கிய மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: டீலர் கடையில் வாங்கியதற்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. நண்பர் சொல்லும் மூன்று நாள் விதி, வீடு தேடி வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கானது. நிரந்தரக் கடை உள்ள டீலர் ஒரு கண்காட்சியில் தற்காலிகமாக விரித்த கடையில் வண்டி வாங்கினாலும் அந்த விதி பொருந்தும் என்று நம்ப முடியாது. இதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டாவது மாதமே ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. டீலர், "ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கு நீங்களே போன் பண்ணுங்கள்" என்கிறார். வாங்கினது ஃப்ரிட்ஜா, டிரெய்லரா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் டீலர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஏ.சி., ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், டயர், அச்சு, வெளிக்கூடாரம் எல்லாம் வேறு வேறு நிறுவனங்களின் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் தனி உத்தரவாத அட்டை இருக்கும். டிரெய்லர் தயாரிப்பாளரின் உத்தரவாதத்தில், இவற்றுக்கு அந்தந்த நிறுவனமே பொறுப்பு என்ற ஒரு பத்தி பெரும்பாலும் உண்டு. முதலில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். சில தயாரிப்பாளர்கள் முதல் ஆண்டு முழுக்க எல்லாப் பொருளையும் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அப்படி எழுதியிருந்தால் டீலர் உங்களை அலையவிடத் தேவையில்லை.

தனி உத்தரவாதம்தான் என்றால் பயப்பட வேண்டாம், அதிலும் ஒரு சாதகம் உண்டு. ஃப்ரிட்ஜ் நிறுவனம் அங்கீகரித்த நடமாடும் மெக்கானிக்கை உங்கள் வாசலுக்கே வரவழைக்கலாம், டிரெய்லரை டீலரிடம் வாரக்கணக்கில் விட்டு வைக்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜுக்குள் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் தகட்டிலிருந்து மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எடுத்து, வாங்கிய ரசீதோடு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அனுமதி எண் ஒன்று தருவார்கள். அது கைக்கு வரும் முன் எந்த மெக்கானிக்கையும் வேலை தொடங்கவிடாதீர்கள், பில் உங்கள் பெயருக்கு வந்துவிடும்.

கூப்பிடும் முன் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். கேஸ் வகை ஃப்ரிட்ஜ் சாய்வில் ஓடினால் உள்ளே திரவம் சுற்றாமல் குளிர்விக்கும் பகுதியே கெட்டுப்போகும். அப்படிக் கெட்டதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒன்று விடுபட்டுவிட்டது: ஃப்ரிட்ஜ் நல்லதாக இருந்து, அதன் பின்னால் தொழிற்சாலையில் கம்பியையோ கேஸ் குழாயையோ தவறாக இணைத்திருந்தால், அது டிரெய்லர் தயாரிப்பாளரின் குறை. மெக்கானிக் எழுதும் அறிக்கையில் "பொருளில் கோளாறு" என்றிருக்கிறதா, "பொருத்தியதில் கோளாறு" என்றிருக்கிறதா என்று பார்த்தால் அடுத்து யாரிடம் போவது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: முதல் பயணத்தில் 180 மைல் போவதற்குள் ஒரு சக்கரத்தில் நட்டுகள் தளர்ந்து, சக்கரம் ஆடிப் போல்ட்டுகள் அறுந்துவிட்டன. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யார் பொறுப்பு?

பதில்: இதில் இரண்டு பக்கமும் பங்கு இருக்க வாய்ப்புண்டு, அதனால்தான் சண்டை நீளும்.

ஒப்படைக்கும்போது நட்டுகளைச் சரியான முறுக்கு விசையில் இறுக்கித் தருவது டீலர் வேலை. ஆனால் புது சக்கரத்தில் நட்டு உட்காரும் இடம் முதல் சில மைல்களில் படிந்து கொடுக்கும், அதனால் இறுக்கம் குறையும். இதற்காகத்தான் அச்சு நிறுவனங்களின் கையேடு 10, 25, 50 மைலில் நிறுத்தித் திரும்ப இறுக்கச் சொல்கிறது. இது ஓட்டுபவர் வேலை. அரை அங்குலப் போல்ட்டுக்குப் பொதுவாக 90 முதல் 120 அடி-பவுண்டு. உங்கள் கையேட்டில் இருக்கும் எண்ணே இறுதி. நட்சத்திர வரிசையில், முதலில் 20-25, பிறகு 50-60, கடைசியில் முழு அளவு என்று மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டார்க் ரெஞ்சின் அளவு தெரியும்படி ஒரு படம் எடுத்தால் அதில் நேரமும் பதிவாகிவிடும். அந்த மூன்று படங்கள் இருந்தால் உங்கள் பக்கம் மிக வலுவாக இருக்கும். இல்லாவிட்டால், ஒப்படைப்புச் சோதனைத் தாளில் முறுக்கு விசையை அளந்து எழுதியிருக்கிறார்களா என்று டீலரிடம் கேளுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களே. அறுந்த போல்ட்டுகளையும் நட்டுகளையும் வீசிவிடாமல் பையில் போட்டு வையுங்கள். அவற்றைக் கொடுக்க வேண்டியிருந்தால் படம் எடுத்து, பெற்றதாக எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இதே வகையில் நம் பொறுப்பில் இருப்பவை இன்னும் இரண்டு. தானே சரிசெய்துகொள்ளாத டிரம் பிரேக் என்றால் முதல் 200 மைலில் சரிசெய்ய வேண்டும். சக்கர பேரிங்குகளை 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது கிரீஸ் வைக்க வேண்டும். மாறாக ஆயிரம் இரண்டாயிரம் மைலுக்குள் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால், காற்றழுத்தமும் எடையும் சரியாக இருக்கும் பட்சத்தில் அச்சின் சீரமைவில் சந்தேகம். லாரி எடைமேடையில் டிரெய்லரை நிறுத்தி வாங்கிய எடைச் சீட்டை கிளெய்முடன் வைத்தால், "அதிக பாரம் ஏற்றியிருப்பீர்கள்" என்ற பேச்சே எழாது.

கேள்வி: வாட்டர் ஹீட்டரின் மின் எலிமென்ட் முதல் நாளே எரிந்துவிட்டது. புது வண்டிதானே, உத்தரவாதத்தில் மாற்றித் தர மாட்டார்களா?

பதில்: தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஸ்விட்சைப் போட்டிருந்தால் கிடைக்காது. வெறும் தொட்டியில் எலிமென்ட் மிகச் சீக்கிரம் எரிந்துவிடும், கழற்றிப் பார்த்ததுமே அது தெரியும். தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு குளிர்காலத்துக்காக வைத்த நிலையிலேயே இருந்து தொட்டிக்குள் தண்ணீர் போகாமல் இருந்திருக்கலாம். அப்படி இருந்து, வண்டியைத் தயார் செய்து தந்தபோது டீலர் அதைச் சொல்லவில்லை என்றால் நயமாகப் பேசிப் பாருங்கள், பாகத்தின் விலை குறைவு என்பதால் பல இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள். இனி, பைபாஸ் வால்வு வழக்கமான நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, சூடான நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்சைத் தொடுங்கள்.

குளிரில் உறைந்து வெடித்த குழாய், ரெகுலேட்டர் இல்லாமல் முகாம் குழாயின் முழு அழுத்தத்தில் பிய்ந்த இணைப்பு ஆகியவையும் நம் கணக்குதான். 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அளவில் நிறுத்தும் ஒரு ரெகுலேட்டரை வண்டியோடேயே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஸ்லைடு கோளாறுக்காக நான்கு முறை விட்டோம். இப்போது 70 நாளாக டீலரிடம் கிடக்கிறது, பாகம் வரவில்லை என்கிறார்கள். தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது. என்ன வழி?

பதில்: மனசு வேகும் நிலைமைதான். வழி இருக்கிறது, வரிசையாகப் போங்கள்.

பட்டறை ஏன் இழுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். உத்தரவாத வேலைக்குத் தயாரிப்பாளர்தான் டீலருக்குப் பணம் தருகிறார். அதற்குப் படம், பாக எண், முன் அனுமதி வேண்டும். ஒரு படம் தெளிவில்லை என்று திரும்பினாலே வாரம் ஓடிவிடும். எனவே டீலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அனுமதி எந்தத் தேதியில் கேட்டீர்கள், எந்தத் தேதியில் வந்தது, பாகத்துக்கு எந்தத் தேதியில் ஆர்டர் போட்டீர்கள்?" மூன்று தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதியே கேட்கவில்லை என்றால் தாமதம் டீலருடையது. கேட்டு வந்து ஆர்டரும் போட்டிருந்தால் தயாரிப்பாளருடையது. கடிதம் யாருக்கு எழுதுவது என்று அப்போது தெரிந்துவிடும்.

அடுத்து, நான்கு முறைக்கும் ரிப்பேர் ஆர்டர் நகல் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும். "கோளாறு தென்படவில்லை" என்று எழுதியிருந்தாலும் அந்தத் தாள் முக்கியம், அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வரும். நகல் இல்லாவிட்டால் இன்றே கேளுங்கள்.

பிறகு தயாரிப்பாளருக்குப் பதிவுத் தபாலில், பெற்றதற்கு ஒப்புகையுடன், கடைசி வாய்ப்புக் கடிதம். குறை என்ன, எத்தனை முயற்சி, மொத்தம் எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது என்ன என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்.

சட்டத்துக்கு வந்தால், திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு நிவாரணம் தரும், எலுமிச்சைச் சட்டம் என்று சொல்லப்படும் மாநிலச் சட்டங்களில் பல, எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு மட்டும். இழுத்துச் செல்லும் டிரெய்லர் அதில் வராது. டெக்சஸ் ஒரு விலக்கு, அங்கே இழுத்துச் செல்லும் டிரெய்லர்களும் சேர்த்தி, மாநில மோட்டார் வாகனத் துறையிடமே புகார் கொடுக்கலாம். முதல் 24 மாதத்தில் மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்தது என்பது அங்கே ஒரு அளவுகோல். புகாருக்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மாநிலம் எது என்று எழுதவில்லை, முதலில் அதைப் பாருங்கள்.

மாநிலச் சட்டம் கை கொடுக்காவிட்டாலும் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் நாடு முழுக்க உண்டு. எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தை நிறைவேற்றாத நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம், வென்றால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த் தரப்பு தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதனால்தான் வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்காமல் இந்த வழக்குகளை எடுக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது உத்தரவாதத் தாளையும் வாங்கிய ஒப்பந்தத்தையும் எடுத்துப் போங்கள். மத்தியஸ்தம் கட்டாயம், வழக்கு இண்டியானாவில் மட்டும் போன்ற வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தவணையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டீலர் மூலம் கடன் ஏற்பாடானது என்றால், விற்றவருக்கு எதிராக உங்களுக்கு இருக்கும் கோரிக்கை கடன் கொடுத்து வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்தும் என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். அது வலுவான ஆயுதம், ஆனால் வக்கீல் கையில் எடுக்க வேண்டியது. நீங்களாக நிறுத்தினால் கடன் மதிப்பெண் கெட்டு வண்டியும் போய்விடும்.

கேள்வி: ரீகால் வேலைக்கு டீலர் "பரிசோதனைக் கட்டணம்" கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். பாதுகாப்பு ரீகால், அதாவது பாதுகாப்புக் குறைக்காகத் தயாரிப்பாளர் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வேலை இலவசம், செலவு தயாரிப்பாளருடையது. உத்தரவாதம் முடிந்திருந்தாலும், நீங்கள் இரண்டாவது உரிமையாளர் என்றாலும் அப்படித்தான். மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் உங்கள் வண்டியைத் தேடிப் பார்த்து, அந்த ரீகால் எண்ணோடு தயாரிப்பாளரைக் கூப்பிடுங்கள். டயருக்கும் மற்ற பாகங்களுக்கும் தனி ரீகால் வருவதுண்டு, அவற்றையும் தேடுங்கள்.

கேள்வி: வாங்கும்போது டீலர் தாளில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, டீலர் எந்த உத்தரவாதமும் தரவில்லை" என்று இருந்தது. அன்றே ஐந்து வருட சர்வீஸ் ஒப்பந்தமும் எங்களிடம் விற்றார்கள். டீலருக்கு இனி பொறுப்பே இல்லையா?

பதில்: அந்தச் சர்வீஸ் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுங்கள். உங்களோடு ஒப்பந்தம் செய்திருப்பவர் யார் என்று இருக்கிறது? டீலரின் பெயரே இருந்தால் உங்களுக்கு நல்ல செய்தி. விற்கும்போதோ அதிலிருந்து 90 நாளுக்குள்ளோ தன் பெயரில் சர்வீஸ் ஒப்பந்தம் செய்த விற்பனையாளர், பொருள் சாதாரண உபயோகத்துக்குத் தகுதியாக இருக்கும் என்ற உள்ளார்ந்த உத்தரவாதத்தை மறுக்க முடியாது என்று மேக்னசன்-மாஸ் சட்டம் சொல்கிறது. அந்த "உள்ளது உள்ளபடி" வரி அங்கே செல்லாது. வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தை டீலர் முகவராக மட்டும் விற்றிருந்தால் இந்த வாதம் பலவீனமாகும். அப்போதும் தயாரிப்பாளரின் எழுத்து உத்தரவாதம் உங்களுக்கு உண்டு.

கேள்வி: கதவுத் தாழ்ப்பாள், அலமாரி ஆணி மாதிரிச் சின்ன வேலைகளை நானே செய்துவிட்டால் உத்தரவாதம் போய்விடுமா?

பதில்: போகாது. டீலரிடம் செய்யாத பராமரிப்பால் முழு உத்தரவாதமும் ரத்து என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் செய்த வேலையால்தான் குறிப்பிட்ட சேதம் வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். கதவு, தாழ்ப்பாள், இழுப்பறை சீர்செய்தல் போன்றவற்றுக்குப் பல உத்தரவாதங்களில் 90 நாள் மட்டுமே என்பதால், முதல் மூன்று மாதத்துக்குள் பட்டியல் போட்டு ஒரே தடவையில் டீலரிடம் கொடுத்துவிடுங்கள். கேஸ் குழாய், பிரேக், சேஸிஸ் வெல்டிங் மூன்றிலும் மட்டும் கை வைக்காதீர்கள். மற்றபடி நீங்கள் செய்ததற்குத் தேதி, பாகத்தின் ரசீது, முன்பும் பின்பும் ஒரு படம் என்று ஒரு நோட்டில் வைத்திருங்கள். கூரையைப் பார்த்த தேதிகளையும் அதே நோட்டில் எழுதுங்கள்.